எந்தக் கோயில்னு சொல்லலியே

சாமிக்கு முதுகைக் காட்டி உட்காரக் கூடாது என்பார்கள். என் வண்டியில் வருகிற ஒரு அக்கா எந்தக் கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான் உட்காருவார். சன்னதி முதுகுப் பக்கம், தெரு முகத்துப் பக்கம். அதுவும் உள்ளே இல்லை. செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் காலில் இடித்துக்கொள்கிற இடமாகப் பார்த்து உட்காருவார். உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார்.

நான் சின்னசேலத்தில் சுற்றுலா வேன் வைத்திருக்கிறேன். விடியக்காலை மேல்மலையனூர், மத்தியானம் திருவண்ணாமலை, பொழுது சாய்வதற்குள் திருக்கோவிலூர் என்று சொல்லித்தான் ஆள் சேர்ப்பேன். ஒரு கோயிலில் தாமதமானால் அடுத்த கோயிலில் நடை சாத்திவிடுவார்கள். அப்புறம் வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் என் தலையை உருட்டுவார்கள். அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏறுங்க ஏறுங்க" என்று நான் கத்துகிற கத்தலில் அர்ச்சகர்களே திரும்பிப் பார்ப்பார்கள். எல்லாரும் ஏறிவிடுவார்கள். ஒரு இருக்கை மட்டும் காலியாக இருக்கும். இறங்கிப் போய்ப் பார்த்தால் அக்கா செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். "இந்தா வந்துட்டேன் தம்பி" என்பார். வரமாட்டார். எங்கள் பக்கத்தில் உட்காருவதைக் குந்துவது என்று சொல்வோம். வண்டியில் வருகிற பெண்கள் அவருக்குக் குந்தக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

அவர் தேடிக்கொண்டிருந்தது தன் மகனை. எனக்கு இது தெரிய வருவதற்குப் பல வருஷம் ஆனது. ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சிரித்த மாதிரியே நீங்களும் அவரைப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

மகன் வளர்ந்த ஆள். உடம்புதான் வளர்ந்தது, புத்தி குழந்தைப் புத்தி. ஒரு பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் மலை சுற்றப் போனபோது, அக்கா தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கூட்டத்தில் காணாமல் போய்விட்டான். அப்போது அக்கா மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். போலீசில் சொல்லி, போட்டோ ஒட்டி, குறி கேட்டு, எல்லாம் செய்து பார்த்தார்கள். கடைசியில் ஊர்க்காரர்கள், "செத்துத்தான் போயிருப்பான், ஆக வேண்டியதைச் செய்து முடி" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சைக் கேட்கப் பிடிக்காமல்தான் அக்கா ஊரை விட்டுச் சின்னசேலத்துக்கே வந்துவிட்டார். அந்தப் பௌர்ணமிக்கு முதல் நாள் வேறு வீட்டுக்குக் குடிபோவதைப் பற்றி மகனிடம் பேசி, அவனைச் சின்னசேலத்துக்குக் கூட்டிவந்து இந்தத் தெருவைக் காட்டியிருந்தாராம். அவனுக்கு வழி தெரியும் என்று நம்பினார். வந்த இடத்தில் யாரிடமும் மகனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் ஒரு பெரிய பக்திமான் என்பதுதான். அதிலும் சந்தேகம் வரும். சாமி கும்பிடும்போது கண்ணை மூட மாட்டார். தீபாராதனை காட்டும்போது ஊரே சாமியைப் பார்க்கும், இவர் பக்கத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிவன் கோயிலில் உட்கார்ந்துவிட்டு வரலாம், பெருமாள் கோயிலில் உட்காரக் கூடாது, கூட வருகிற லட்சுமியும் அங்கேயே தங்கிவிடுவாள் என்று ஒரு பெரியவர் எடுத்துச் சொன்னார். "தங்கினா தங்கட்டுங்க, எனக்கு எல்லாக் கோயிலும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அக்கா பெருமாள் கோயில் வாசலிலும் உட்கார்ந்தார்.

இன்னொன்று. எல்லாரும் ஒரு பொட்டலம் புளிசோறு கட்டிக்கொண்டு வந்தால் இவர் இரண்டு கட்டிக்கொண்டு வருவார். ஒன்றைச் சாப்பிடுவார். இன்னொன்று மடியிலேயே இருக்கும். வண்டி கிளம்பும் நேரத்தில் அங்கே இருக்கிற யாராவது ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டு ஏறுவார். கொடுக்கும்போது முகம் வாடியிருக்கும். கொடுக்க மனசில்லாதவர் எதற்குக் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு தடவை கல்வராயன் மலை மேல் இருக்கிற கரியாலூருக்கு ஒரு வண்டி ஆளைக் கூட்டிப்போனேன். அது கோயில் டூரே கிடையாது. அருவியில் குளித்துவிட்டுப் படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது. அக்காவும் வந்திருந்தார். அருவிக்குப் போகிற வழியில் மரத்தடியில் நாலு கல்லும் ஒரு வேலும் நட்டு வைத்திருந்தார்கள். மலைக்காரர்கள் கும்பிடுகிற சாமி. "இதுவும் கோயிலுதான தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான், அங்கேயே இறங்கிவிட்டார். நாங்கள் குளித்து, படகில் போய், மீன் வறுவல் தின்றுவிட்டுத் திரும்பும்போது அந்த மரத்தடியில் அதே இடத்தில் இருந்தார். எதிரில் பாதை. மடியில் பொட்டலம். கல்வராயன் மலைக்கு வந்து தண்ணீரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் திரும்பிய ஒரே ஆள் அவர்தான்.

எத்தனை திட்டினாலும் வண்டியை விட்டு இறங்கும்போது அவர் கேட்பது ஒன்றுதான். "அடுத்தது எந்தக் கோயிலு தம்பி?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சென்னையில் டிராவல்ஸ் வைத்திருக்கிற ஒருவர் கப்பல் டூர் ஒன்றைப் பற்றிச் சொன்னார். சென்னையில் ஏறினால் இலங்கையில் காங்கேசன்துறையில் ஒரு நாள் இறக்கிவிடுவார்கள். பழைய கோயில்கள், புத்தர் காலத்து இடிபாடுகள், தீர்த்தம் எல்லாம் காட்டி, சாயங்காலத்துக்குள் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் சிலர் வீட்டம்மாக்களோடு கிளம்பினார்கள். ஆள் சேர்த்துவிட்டதால் நானும் கூடப் போனேன். அக்கா பெயரைக் கொடுத்தபோது எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற அவருடைய மகள், பாஸ்போர்ட்டிலிருந்து எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டாள்.

கப்பல் ஏறுகிற அன்று அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். அப்போதுதான் தன் தம்பி காணாமல் போனதைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னாள். ராமேஸ்வரத்தில் உட்கார்ந்திருந்தபோது கடலுக்கு அந்தப் பக்கமும் நம்ம சாமிதான் என்று யாரோ சொன்னதிலிருந்து அம்மா அங்கேயும் போய்ப் பார்க்க வேண்டும் என்று அரித்துக்கொண்டிருக்கிறாராம். அவளுக்கு வேறு ஒரு எண்ணம் இருந்தது. "அண்ணா, கீரிமலைன்னு ஒரு எடம் கீதாமே. செத்தவங்களுக்குத் திதி குடுக்குற எடமாம். அங்க தம்பிக்கும் ஒண்ணு குடுத்துட்டு வரச் சொல்லுங்கண்ணா. எங்கம்மா வயசுக்கு இன்னும் எத்தினி நாளு இப்பிடிச் செருப்பாண்ட குந்திக்கினு இருக்கும்?" அவள் அழுதுகொண்டே பேசினாள். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கப்பல் பெரிய கப்பல். மாடி மேல் மாடி, லிஃப்ட்டு, நீச்சல் குளம், ராத்திரியெல்லாம் ஆட்டம் பாட்டம். எங்கள் ஆட்கள் தட்டு நிறைய வாங்கிக்கொண்டு, எதைத் தின்பது எதை விடுவது என்று தெரியாமல் அலைந்தார்கள். அக்கா கழுத்தில் கப்பல் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவரிடம் போய் இந்தக் கப்பலில் சாமி ரூம் எங்கே என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் வடக்கத்தியர், ஒன்றும் புரியாமல் சிரித்திருக்கிறார். மற்றவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என்னால் அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை.

காங்கேசன்துறையில் இறங்கினோம். எங்களுக்குக் கொடுத்த வேனின் டிரைவர் யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயசு இருக்கும். அதிகம் பேசாதவர். முதலில் கீரிமலைக்குத்தான் கூட்டிப்போனார். கடலை ஒட்டி ஒரு கேணி. பக்கத்தில் உப்புக் கடல், கேணியில் நல்ல தண்ணீர். எங்கள் ஆட்கள் முங்கிக் குளித்துவிட்டுச் செத்துப்போன அப்பா அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். நான் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஐயர் முன்னால் நிறுத்தினேன். மகள் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை, நிறுத்தியதோடு சரி. ஐயர் தர்ப்பையை எடுத்துக்கொண்டே, யாருக்கு என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். மகள் சொல்லித்தான் கூட்டிவந்திருக்கிறேன் என்று புரிந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை. "யாருக்கும் இல்லீங்க சாமி. எம் புள்ள உசுரோட கீறான்" என்றார். திரும்பி நடந்து போய்க் கேணி வாசலில், கழற்றிப் போட்டிருந்த செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஏறுங்க என்று கத்தவில்லை. தானாக எழுந்து வந்தார். அடுத்த இரண்டு கோயில்களிலும் அதே மாதிரிதான். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பொட்டலத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. கப்பலில் கொடுத்த ரொட்டியை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்தார், புளிசோற்றுக்குப் பதில்.

கடைசியாகக் கந்தரோடை. பனைமரங்களுக்கு நடுவில் ஒரு வெட்டவெளி. அதில் சின்னதும் பெரிதுமாகக் கல்லில் வட்டம் வட்டமாகக் கட்டி மேலே குமிழ் வைத்திருக்கிறார்கள். புத்தர் காலத்துச் சமாதிகள் மாதிரி, யார் யாருக்காகக் கட்டியது என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது என்று டிரைவர் சொன்னார். சாமி இல்லை, பூசை இல்லை, மணி இல்லை. எங்கள் ஆட்கள் ஆளுக்கு இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு வெயில் தாங்காமல் வண்டியில் ஏறிவிட்டார்கள். அக்கா கம்பி வேலி ஓரமாக, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் அந்தக் கல் குமிழ்களும் வரிசையாக உட்கார்ந்த மாதிரிதான் இருந்தன.

கப்பல் கிளம்புகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஆளுக்காகக் கப்பல் நிற்காது என்று காலையிலேயே ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள். வண்டிக்குள் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். எனக்கும் பழைய கோபம் தலைக்கு ஏறியது. இங்கே சாமியே கிடையாது, வெறும் கல்லு, எழுந்திரு என்று அதட்டினேன்.

"நீ போ தம்பி. நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்" என்றார்.

"கப்பல் போயிடும்க்கா."

"போவட்டும். இதுக்கு அப்பால எனக்குப் போறதுக்கு எடம் தெரியாது."

நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் பேசினார். "சின்னதுலேர்ந்து ஒண்ணுதான் அவனுக்குச் சொல்லி வளத்தேன். கூட்டத்துல என்ன உட்டுட்டீன்னா எங்கியும் ஓடாத, கோயிலாண்ட போயிக் குந்திக்கினு இரு, அம்மா வந்து இட்டுக்கினு போறேன்னு சொன்னேன். அவனுக்குப் புத்தி கம்மிதான், ஆனா சொன்ன சொல்லு தட்ட மாட்டான் தம்பி. எங்கியோ ஒரு எடத்துல குந்திக்கினுதான் கீறான். நான்தான் தப்பு பண்ணிட்டேன். கோயிலாண்டன்னு சொன்னேன். எந்தக் கோயில்னு சொல்லலியே."

இத்தனை வருஷம் நான் ஏற்றி இறக்கிய கோயில்கள் எல்லாம் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்து போயின.

டிரைவர் எப்போது இறங்கி வந்தாரோ தெரியாது. எங்களுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவரும் அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அம்மா, என்ர அண்ணாவும் காணாமல் போனவர்தான். சண்டை நேரம். எங்கட அம்மா உங்களை மாதிரி ஒரு இடமும் தேடிப் போறேல்லை. வீட்டை விட்டு வெளிக்கிடவே மாட்டா. ஒரு கலியாணத்துக்கு, செத்த வீட்டுக்குக்கூடப் போறேல்லை. அண்ணா வரேக்க வீடு பூட்டிக் கிடந்தா, ஆரும் இல்லையெண்டு திரும்பிப் போயிடுவான் எண்டு சொல்லுவா." அக்கா முகத்தைப் பார்த்துக் கேட்டார். "இப்ப உங்கட பிள்ளை வீட்டுக்கு வந்தா, அங்க ஆர் நிக்கினம்?"

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். கை தானாக இடுப்புக்குப் போனது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த சாவியைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும் இல்ல. பூட்டிக்கினு வந்துட்டேன்" என்றார்.

எழுந்துவிட்டார். யாரும் கைகொடுக்கவில்லை. மடித்து வைத்திருந்த ரொட்டியை அந்த டிரைவர் கையில் கொடுத்து, உங்கம்மாவுக்குக் கொடு என்றார். வண்டியில் ஏறினதும் அக்காதான் முதலில் பேசினார். "சீக்கிரம் ஓட்டச் சொல்லு தம்பி. லேட்டாவுது." எத்தனையோ கோயில் வாசலில் நான் அவரிடம் சொன்ன வார்த்தை அது.

கப்பலில் மற்றவர்கள் மேல்தட்டில் நின்று கடலைப் பார்த்தார்கள். அக்கா அறையை விட்டு வரவில்லை. சென்னையிலிருந்து வரும் வழியில் சாப்பிட நிறுத்தினபோதும் இறங்கவில்லை. சின்னசேலத்தில் தெரு முனையில் இறங்கினவர், அடுத்தது எந்தக் கோயில் என்று கேட்காமலே வேகமாக நடந்து போனார். கதவு திறக்கிற சத்தம் கேட்கிறவரைக்கும் நான் வண்டியை எடுக்கவில்லை.

அதோடு சரி. அப்புறம் எந்த டூருக்கும் அவர் வரவில்லை. நான் போய்ப் பார்த்தால் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். கூலி வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ரேஷன் கடைக்கு மட்டும் எதிர்வீட்டுப் பெண்ணைக் காவல் வைத்துவிட்டுப் போய்வருவாராம். என்னிடம் ஒரு ஏற்பாடு சொன்னார். "நீ கோயிலப் பாத்துக்க தம்பி, நான் வூட்டப் பாத்துக்கறேன்." எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் ஆளே மாறியிருப்பான். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "உங்கம்மா இன்னா சொல்லுச்சுன்னு கேளு. சொல்லுவான்."

சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, நான் கேட்கத்தான் செய்கிறேன். மேல்மலையனூரில், திருவண்ணாமலையில், செருப்பு விடுகிற இடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால் போய்க் குனிந்து கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் திட்டுவார்கள். திருவண்ணாமலையில் தாடி வளர்த்த ஒரு ஆள் மட்டும் வெகுநேரம் யோசித்தான். கடைசியில், "பசிக்குதுங்க" என்றான். என்னிடம் இருந்த புளிசோற்றைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன மழைக்காலத்தில் அக்காவுக்கு வயிற்றில் வலி வந்தது. மகள் திருப்பூரிலிருந்து வந்து கெஞ்சிப் பார்த்தாள், வீட்டை விட்டு வரமாட்டேன் என்றார். எழுந்து நடக்க முடியாத நிலை வந்த பிறகுதான் சேலத்துக்குக் கொண்டுபோக ஒப்புக்கொண்டார். என் வண்டியில்தான் படுக்கவைத்தோம். வீட்டைப் பூட்ட வேண்டாம் என்றார். சாத்திவிட்டுக் கிளம்பினோம். தெரு முனையில் மாரியம்மன் கோயில் வந்ததும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கட்டும் என்று எஞ்சினையும் அணைத்துவிட்டேன். அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. ஜன்னல் வழியாகக் கோயில் படியைப் பார்த்தார்.

"தம்பி, அவன் வந்து நான் வூட்ல இல்லன்னா, இங்க வந்து குந்திக்கினு இருக்கச் சொல்லு. நம்ம தெரு முக்கு மாரியம்மன் கோயிலு." மூச்சு வாங்கியது. அப்புறம் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "இந்தத் தடவ எந்தக் கோயில்னு சொல்லிட்டேன், பாத்தியா?"

சேலத்திலிருந்து அவரை ஆஸ்பத்திரி வண்டியில்தான் கொண்டுவந்தார்கள். சுடுகாட்டில் சடங்கு செய்கிறவர் மகன் யாராவது உண்டா என்று கேட்டார். எல்லாரும் மகளைப் பார்த்தார்கள். தம்பிக்குத் திதி கொடுக்கச் சொல்லி எனக்குப் போன் போட்டு அழுதவள் அவள்தான்.

"கீறான்" என்றாள். "கோயிலுக்குப் போயிருக்கான். இன்னும் வரல."

கொள்ளியை வாங்கி அவளே வைத்தாள்.